மொத்தம் சரி, ஒவ்வொரு செல்லும் சரியா? மின்சார வண்டி பேட்டரியைக் காக்கும் சென்சார்கள்

சென்ற மாதம் எங்கள் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் மின்சார ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே என் வீட்டு வாசலுக்கு வந்தார். "சார், நீங்க கம்ப்யூட்டர் பத்தி எழுதுறவர். இந்த வண்டியும் பாதி கம்ப்யூட்டர்தான்னு சொல்றாங்க. மீட்டர்ல 40 சதவீதம் சார்ஜ் காட்டுது. ஆனா மேம்பாலம் ஏறினா பட்டுனு நின்னு போகுது. என்னன்னு பாருங்க" என்றார்.

அதற்கு முன்பே ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார். அவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "51 வோல்ட் இருக்கு, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. உள்ளே இருக்கிற சின்ன போர்டுதான் தொல்லை பண்ணுது. அதை பைபாஸ் பண்ணிட்டா வண்டி நிக்காது" என்று சொல்லியிருக்கிறார். செலவும் குறைவு என்பதால் நண்பருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. எதற்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார்.

"எது வேண்டுமானாலும் செய்யுங்கள், அதை மட்டும் செய்துவிடாதீர்கள்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்தப் பாடம். மின்சார வண்டி இல்லாதவர்களும் படிக்கலாம். உங்கள் மேஜை மேல் இருக்கும் லேப்டாப்பின் பேட்டரிக்குள்ளும் இதே கதைதான் நடக்கிறது. ஒரு சின்ன எக்செல் பயிற்சியும் உண்டு.

செல் வேறு, பேட்டரி வேறு

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் பேட்டரி என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் பேட்டரி என்பது பல செல்களின் கூட்டம். ஒரு லித்தியம் அயன் செல்லின் சராசரி மின்னழுத்தம் சுமார் 3.7 வோல்ட். முழுதாக சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். ஏறக்குறைய 2.5 முதல் 3 வோல்ட்டுக்குக் கீழே அதை இறக்கக் கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற இன்னொரு வகையில் சராசரி 3.2 வோல்ட், உச்சம் 3.65 வோல்ட்.

3.7 வோல்ட்டில் ஸ்கூட்டர் ஓடாது. அதனால் செல்களை ஒன்றன் பின் ஒன்றாக, அதாவது தொடரிணைப்பில், இணைக்கிறார்கள். நண்பரின் ஸ்கூட்டரில் இப்படி 14 வரிசைகள். 14 பெருக்கல் 3.7 என்றால் 51.8 வோல்ட். வண்டி நெடுந்தூரம் ஓட வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வரிசையிலும் சில செல்களைப் பக்கவாட்டிலும் இணைத்திருப்பார்கள். இனி "செல் வரிசை" என்று நான் சொல்வது அப்படிப்பட்ட ஒரு தொகுப்பைத்தான்.

காரில் எண்ணிக்கை இன்னும் பெரியது. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரில் 192 செல்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து 96 வரிசை. 2012-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரின் 85 கிலோவாட் மணி பேட்டரியில் 7,104 சிறிய உருளை செல்கள். 74 செல்கள் சேர்ந்து ஒரு வரிசை, அப்படி 96 வரிசைகள்.

சங்கிலியில் ஒரு சோர்ந்த ஆள்

வீடு கட்டும் இடத்தில் கான்கிரீட் சட்டிகளைக் கைக்குக் கை மாற்றி மாடிக்கு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 14 பேர் நிற்கும் வரிசையில் 13 பேர் திடமானவர்கள், ஒருவர் மட்டும் காய்ச்சலில் எழுந்து வந்தவர். மொத்த வேலை எந்த வேகத்தில் நடக்கும்? அந்த ஒருவரின் வேகத்தில்தான். அவர் உட்கார்ந்துவிட்டால் வேலையே நின்றுவிடும்.

தொடரிணைப்பும் அப்படித்தான். எல்லா வரிசைகளிலும் ஒரே மின்னோட்டம் ஓடியாக வேண்டும். கொள்ளளவு குறைந்துபோன செல் ஒரு சிறிய குடம் மாதிரி. சார்ஜ் செய்யும்போது முதலில் நிரம்பிவிடும். ஓட்டும்போது முதலில் காலியாகிவிடும். மற்ற 13 வரிசைகளில் பாதி சார்ஜ் மிச்சம் இருந்தாலும் பயன் இல்லை.

நண்பரோடு நானும் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே ஒரு கேபிளை மாட்டி, லேப்டாப்பில் 14 வரிசைகளின் அளவையும் தனித்தனியாகக் காட்டினார்கள். அந்த எண்களை அப்படியே குறித்துக்கொண்டு வந்தேன். வாருங்கள், அவற்றை வைத்து எக்செல்லில் பயிற்சி செய்து பார்ப்போம்.

எக்செல்லில் ஒரு பயிற்சி

எக்செல்லிலும் ஒவ்வொரு கட்டத்திற்கும் செல் என்றுதான் பெயர்! குழப்பம் வராமலிருக்க நான் கட்டம் என்றே எழுதுகிறேன்.

1. எக்செல்லைத் திறந்து, முதல் நெட்டு வரிசையில் ஏ1 தொடங்கி ஏ14 வரை இந்த எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள்: 3.70, 3.71, 3.70, 3.69, 3.70, 3.71, 3.70, 3.70, 3.12, 3.70, 3.69, 3.71, 3.70, 3.70.

2. சி1 கட்டத்தில் கிளிக் செய்யுங்கள். மேலே ஹோம் டேபில் ஆட்டோசம் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, ஏ1 முதல் ஏ14 வரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். 51.23 என்று வரும். இதுதான் மெக்கானிக்கின் மல்டிமீட்டர் பார்த்த எண்.

3. சி2 கட்டத்திற்கு வாருங்கள். ஆட்டோசம் பொத்தானை ஒட்டியுள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். அதில் ஆவரேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே 14 கட்டங்களைக் காட்டுங்கள். ஏறக்குறைய 3.66 வரும். இதிலும் பயப்பட ஒன்றுமில்லை.

4. இதே போல சி3-ல் மேக்ஸ், சி4-ல் மின். 3.71, 3.12 என்று வரும்.

5. சி5-ல் சமக்குறி (=) போட்டு, சி3 மேல் கிளிக் செய்து, கழித்தல் குறி இட்டு, சி4 மேல் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 0.59 வோல்ட், அதாவது 590 மில்லிவோல்ட்!

கவனித்தீர்களா? எல்லாம் ஒழுங்காக இருந்தால் மொத்தம் 51.8 வோல்ட் இருக்கும். ஒரு வரிசை படுத்துக்கொண்ட பிறகும் 51.23. வித்தியாசம் ஒரு சதவீதம்தான். கொஞ்ச தூரம் ஓட்டினாலே இந்த அளவு இறங்கிவிடும். அதனால் மொத்தத்தைப் பார்ப்பவர் கண்ணில் எதுவும் படாது. வகுப்பின் சராசரி மார்க்கை மட்டும் பார்த்தால், ஃபெயிலான பையன் இருப்பதே தெரியாது அல்லவா? அதே கதைதான். ஆனால் உச்சத்திலிருந்து கீழ் அளவைக் கழித்த அந்த ஒரு எண் உண்மையைச் சொல்லிவிட்டது. நலமான பேட்டரியில் வண்டி ஓய்வாக நிற்கும்போது இந்த வித்தியாசம் சில மில்லிவோல்ட் அல்லது சில பத்து மில்லிவோல்ட்டாகத்தான் இருக்கும்.

மேம்பாலம் ஏறும்போது மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. ஏற்கெனவே 3.12-ல் இருக்கும் ஒன்பதாவது வரிசை சட்டென்று எல்லைக்குக் கீழே போகிறது. உள்ளே இருக்கும் போர்டு அதைப் பார்த்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. வண்டி நிற்கிறது. ஆக, அந்த போர்டு செய்தது தொல்லை அல்ல, காவல்.

காவலாளியை வெளியே அனுப்பினால்?

அந்த போர்டின் பெயர் பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம். சுருக்கமாக பி.எம்.எஸ். அதை பைபாஸ் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்னொரு கணக்குப் போடுவோம்.

14 வரிசைக்கான சார்ஜர் 58.8 வோல்ட் வரை ஏற்றும் (14 பெருக்கல் 4.2). சார்ஜருக்கு மொத்தம் மட்டுமே தெரியும். சிறிய குடமான ஒன்பதாவது வரிசைதான் முதலில் நிரம்பும். மற்ற 13 வரிசைகளும் 4.17 வோல்ட்டுக்கு வந்த நேரத்தில் அவற்றின் கூட்டுத்தொகை 54.21. மொத்தம் 58.8 ஆக வேண்டுமானால் மீதி 4.59 வோல்ட்டும் அந்த ஒரே வரிசையின் தலையில் ஏறியிருக்கும். சார்ஜரைப் பொறுத்தவரை எல்லாம் சரி. செல்லைப் பொறுத்தவரை எல்லையைத் தாண்டியாகிவிட்டது.

அதிகமாக சார்ஜ் ஆன செல் சூடாகும். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும். நேர்மின், எதிர்மின் முனைகளைப் பிரித்து வைக்கும் பாலித்தீன் தாள் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பிறகு உள்ளேயே ஷார்ட் ஆகும், அதனால் இன்னும் சூடு, அந்தச் சூடு பக்கத்து செல்லுக்கும் பரவும். இப்படித் தானே வளரும் வெப்பத்தைத் தண்ணீர் ஊற்றி அணைப்பதுகூட எளிதல்ல. அடியோடு காலி செய்வதும் ஆபத்துதான். அப்போது உள்ளே உள்ள செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து ஷார்ட்டுக்கு வழி வைக்கும்.

இது வெறும் பூச்சாண்டி அல்ல. 2022 மார்ச் மாதம் வேலூரில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த ஆண்டில் நாட்டின் பல இடங்களில் இப்படித் தீ விபத்துகள் நடந்தன. அதன் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புத் தரத்தைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரண்டு கட்டங்களாக அமலுக்குக் கொண்டு வந்தது. செல், பி.எம்.எஸ்., சார்ஜர் ஆகியவற்றோடு, ஒரு செல்லில் ஷார்ட் ஏற்பட்டால் வெப்பம் பரவுவதையும் இந்த விதிகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

என்னென்ன சென்சார்கள்?

பி.எம்.எஸ். மூன்று விஷயங்களை இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

மின்னழுத்தம்: ஒவ்வொரு வரிசையின் முனையிலிருந்தும் ஒரு மெல்லிய வயர் போர்டுக்கு வருகிறது. எனவே 14 வரிசைக்கு 14 தனித்தனி அளவுகள்.

மின்னோட்டம்: எல்லா வரிசைகளிலும் ஓடுவது ஒன்றே என்பதால் இதற்கு ஒரே சென்சார் போதும். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துத்தான் மீட்டரில் 40 சதவீதம் என்று காட்டுகிறார்கள். அயர்ன் பாஸ்பேட் வகையில் இந்தக் கணக்கு மிக முக்கியம். அதில் சார்ஜ் பெரிதும் குறைந்தாலும் மின்னழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

வெப்பநிலை: இதற்கு தெர்மிஸ்டர் என்ற கடுகளவு பொருள். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். அந்த மாற்றத்தை பி.எம்.எஸ். டிகிரியாக மாற்றிக்கொள்ளும். ஆனால் செல்லுக்கு ஒன்று என்று வைப்பதில்லை. பேட்டரி முழுவதற்கும் சில இடங்களில் மட்டுமே ஒட்டியிருப்பார்கள். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

மில்லிவோல்ட் வேட்டை

காரில் 96-வது வரிசை ஏறக்குறைய 350 வோல்ட் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த உயரத்தில் ஒரு மில்லிவோல்ட் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். சாதாரண கம்ப்யூட்டர் சிப்பை அங்கே நேரடியாக இணைத்தால் கருகிவிடும். இதற்கென்றே தனி சிப்புகள் உண்டு. லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் எல்.டி.சி. 6804 ஒரு நல்ல உதாரணம் (அந்த நிறுவனம் 2017-ல் அனலாக் டிவைசஸுடன் இணைந்துவிட்டது). இந்த சிப் 12 வரிசைகளை 290 மைக்ரோ செகண்டில் அளந்துவிடும். பிழை 1.2 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். 96 வரிசைக்கு இப்படி 8 சிப்புகள் போதும். அவை தங்களுக்குள் தகவலைக் கைமாற்றி முதன்மை கம்ப்யூட்டருக்கு அனுப்பும். இடையில் சிறு டிரான்ஸ்பார்மர் இருப்பதால் தகவல் போகும், உயர் மின்னழுத்தம் போகாது.

வித்தியாசம் தெரிந்ததும் பி.எம்.எஸ். சமன் செய்யும் வேலையைத் தொடங்கும். உயர்ந்து நிற்கும் வரிசையின் சார்ஜை ஒரு மின்தடை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு, மற்றவற்றின் மட்டத்துக்குக் கொண்டு வரும். இது மெதுவான வேலை, மணிக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் சார்ஜ் முடியும் தறுவாயில்தான் நடக்கும். ஆனால் ஒன்று: சமன் செய்வது மட்டத்தைச் சரிசெய்யும், தேய்ந்துபோன குடத்தைப் பெரிதாக்காது.

நிசான் லீஃப் வைத்திருப்பவர்கள் இந்த அளவுகளைத் தாங்களே பார்க்கிறார்கள். காரின் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகி, போனில் லீஃப் ஸ்பை என்ற செயலியைத் திறந்தால் 96 கோடுகள் கொண்ட வரைபடம் வரும். உச்சம், கீழ் அளவு, சராசரி, வித்தியாசம் எல்லாம் இருக்கும். நாம் எக்செல்லில் போட்ட அதே கணக்குதான். பழைய லீஃப் வாங்க நினைப்பவருக்கு மைலேஜ் மீட்டரைவிட இந்தக் கோடுகள் அதிகம் சொல்லும்.

வெளியே இருந்து தெரியாதவை

எல்லா நோயும் மின்னழுத்தத்தில் சீக்கிரம் தெரிவதில்லை. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது பலருக்கு நினைவிருக்கலாம். சோனி தயாரித்த செல்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்ததுதான் காரணம். துகள் நகர்ந்து ஷார்ட் ஆகும் வரை செல் நல்ல பிள்ளையாகவே இருக்கும்.

காரிலும் இது நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே போல்ட் காரில் 288 செல்கள், 96 வரிசைகள். எல்.ஜி. தயாரித்த சில செல்களில் கிழிந்த இணைப்புத் தகடு, மடிந்த பிரிப்புத் தாள் என்ற இரண்டு குறைகளும் ஒன்றாக அமைந்தபோது தீப்பிடித்தது. 2021 ஆகஸ்டில் அதுவரை தயாரான எல்லா போல்ட் கார்களையும் திரும்ப அழைத்தார்கள். பின்னால் வந்த தீர்வு நமக்கு சுவாரசியமானது. 2020 முதல் 2022 வரையிலான மாடல்களுக்கு எல்லா பேட்டரிகளையும் மாற்றாமல், ஒரு சாஃப்ட்வேரை நிறுவுவதாக 2023-ல் அறிவித்தார்கள். அது சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடும் வரை சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தி, செல்களைக் கண்காணிக்கும். கோளாறு தெரிந்தால் பேட்டரியை மாற்றுவார்கள். இல்லையென்றால் தடையை நீக்கிவிடும். அதே சென்சார்கள்தான், கேள்வி கேட்கும் புரோகிராம்தான் மாறியது.

அடுத்த படி, சென்சாரை செல்லுக்கு உள்ளேயே வைப்பது. வெளியே ஒட்டிய தெர்மிஸ்டருக்கு உள்சூடு தாமதமாகத்தான் வந்து சேரும். சென்சார் ஒட்டாத செல்லின் சூடு இன்னும் தாமதம். பிரான்சில் ஜான் மரி தராஸ்கோன் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், 18 மில்லிமீட்டர் அகலமுள்ள உருளை செல்லின் நடுவில் தலைமுடி போன்ற ஒளியிழையைச் செருகிக் காட்டினார்கள். இழையில் நுண்ணிய வரிகள் பொறிக்கப்பட்டிருக்கும். சூடும் அழுத்தமும் மாறும்போது அது திருப்பி அனுப்பும் ஒளியின் அலைநீளம் மாறும். கண்ணாடி இழை என்பதால் செல்லுக்குள் ஷார்ட் ஆகும் பயம் இல்லை. ஐரோப்பாவின் பேட்டரி 2030 பிளஸ் என்ற திட்டமும் இந்த வகை ஆராய்ச்சிகளை ஆதரிக்கிறது. ஆனால் சாலையில் ஓடும் வண்டிகளில் இன்றும் பெரும்பாலும் வெளிச் சென்சார்களே.

உங்கள் லேப்டாப்பில் பாருங்கள்

உங்கள் லேப்டாப் பேட்டரியில் மூன்று நான்கு வரிசைகள் இருக்கும். அதற்குள்ளும் ஒரு சிப் உட்கார்ந்து கண்காணிக்கிறது. விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சி-எம்-டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கருப்பு விண்டோ வரும். அதில் இடைவெளி இல்லாமல் பி-ஓ-டபிள்யூ-இ-ஆர்-சி-எஃப்-ஜி என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, முன்சாய்வுக் கோடு (/) போட்டு, பி-ஏ-டி-டி-இ-ஆர்-ஒய்-ஆர்-இ-பி-ஓ-ஆர்-டி என்று சேர்த்து எழுதி என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று அங்கேயே காட்டும். அந்த ஃபைலை பிரவுசரில் திறந்து, டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால், புதிதாக வாங்கியபோது இருந்ததில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பது தெரியும். தனித்தனி செல் அளவை இந்த அறிக்கை காட்டாது. இதுவும் மொத்தம்தான். ஆகவே எண் நன்றாக இருந்தாலும் லேப்டாப்பின் அடிப்பக்கம் உப்பியிருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* பி.எம்.எஸ். போர்டை எக்காரணம் கொண்டும் பைபாஸ் செய்யாதீர்கள். செய்து தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.
* "மொத்தம் எத்தனை வோல்ட்?" என்று கேட்காமல், "ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு? வித்தியாசம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அச்சிட்டு வாங்கி, தேதி போட்டு எக்செல்லில் சேர்த்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட உதவும்.
* வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். தூங்கும் அறையிலோ வெளியேறும் வாசலை அடைத்தபடியோ சார்ஜ் போடாதீர்கள்.
* ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள்.
* பேட்டரிப் பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். கார் பேட்டரியின் 350 வோல்ட் உயிரைக் குடிக்கும்.

நண்பரின் ஸ்கூட்டருக்கு வாரண்டி பாக்கி இருந்தது. அந்த 14 எண்களை அச்சிட்டுக் காட்டியதும், பேட்டரியை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். முன்பே போர்டை பைபாஸ் செய்திருந்தால் வாரண்டியும் போயிருக்கும். "ஒரு பொட்டு போர்டு சார், அதைப் போய் தொல்லைன்னு நெனச்சேன்" என்றார் நண்பர். இப்போது அவர் கடைக் கம்ப்யூட்டரில், கணக்கு ஃபைலுக்குப் பக்கத்தில், பேட்டரிக்கென்று இன்னொரு எக்செல் ஃபைல் இருக்கிறது. உங்களிடம் மின்சார வண்டி இருந்தால் நீங்களும் ஒன்று தொடங்குங்கள்.